பண்பாடு என்னுஞ் சொல்: அதன் பிறப்பும் பொருளும்

ஆங்கிலத்திலே ‘கல்ச்சர்’ என வழங்குஞ் சொல்லுக்கு நேராக இன்று தமிழில் மூன்று சொற்கள் வழங்கிவருகின்றன. பண்பாடு என்பது ஒன்று. கலாசாரம் என்பது மற்றொன்று. நாகரிகம் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒருபொருட் பன்மொழியெனக் கொண்டு மேடைகளில் அடுக்கிப் பேசுவோர் பலர். சொற்பொருள் ஆராயும் மாணாக்கனுக்கோ இவை மூன்றும் வெவ்வேறு ஊரிற் பிறந்து வெவ்வேறு வழியால் வந்து ஒரு வீட்டிற் குடிபுகுந்தவை என்பது எளிதிற் புலனாகும். அவ்வழிகளை இயன்றவரை பின்தொடர்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்னி நிலத்தில் இருந்துகொண்டு இச்சொல்லை ஆராய்வதற்குத் தனிக்காரணமும் ஒன்றுண்டு. 2009ஆம் ஆண்டிலே போர் முடிவுற்றபின், ‘பண்பாட்டுச் சீரழிவு’, ‘கலாசாரச் சீர்கேடு’ என்னுந் தொடர்கள் நம் பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் மிகுதியாக எழுந்தன. ஒரு பெண்ணின் உடையிலிருந்து ஓர் இளைஞனின் தலைமயிர்வரை யாவும் அத்தொடர்களால் அளந்து பார்க்கப்பட்டன. ஒருவரைக் குற்றஞ் சாட்டுதற்கு ஒரு சொல்லை எடுத்தாள்வோர், அச்சொல் யாது பொருளுடைத்து என முன்னர் அறிந்திருத்தல் நேர்மையாகும். ஆதலின் இவ்வாராய்ச்சி வெறும் அகராதி விளையாட்டன்று.

முதலில் ஆங்கிலச் சொல்லின் வழியை நோக்குவோம். அதன் தாய் இலத்தீன் மொழி. அம்மொழியிலே ‘கொலெரெ’ என்றொரு வினை உண்டு. நிலத்தை உழுது பயிரிடுதல், ஓரிடத்திற் குடியிருத்தல், தெய்வத்தைப் பேணி வழிபடுதல் என்னும் மூன்று பொருளும் அவ்வொரு வினைக்கு உரியன. உழவன் ஓரிடத்தில் நிலைத்து வாழ்வான். நிலைத்து வாழ்பவன் அவ்விடத்துத் தெய்வத்தைப் பேணுவான். ஆதலின் மூன்றும் ஒரு வினையுள் அடங்கியதிற் பெருவியப்பில்லை. குளக்கட்டிலே பிள்ளையாரை வைத்துப் பொங்கலிட்டு வயலில் இறங்கும் நம் கமக்காரனுக்கு அது விளக்காமலே விளங்கும். இவ்வினையின் வழிவந்த சொற்கள் பல. குடியேற்றத்தைக் குறிக்கும் ‘கொலனி’ என்பது அவற்றுள் ஒன்று. 1950களிலே பாவற்குளம், வவுனிக்குளம் முதலாய குளங்களின்கீழ் மக்கள் குடியேற்றப்பட்ட காலத்திலிருந்து அச்சொல்லை வன்னியிலே பாமரரும் வழங்குவர். ‘கொலனி’யும் ‘கல்ச்சரும்’ ஒருதாய் மக்கள் என்பதை அறிந்து வழங்குவோர் சிலரே.

‘குல்தூரா’ என்னும் இலத்தீன் பெயர்ச்சொல் தொடக்கத்தில் உழவுத்தொழிலையே குறித்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே உரோமைய அறிஞன் கேற்றோ இயற்றிய உழவு நூலின் பெயரிலே அச்சொல் அப்பொருளில் நிற்கிறது. இலத்தீன் உரைநடையில் முழுமையாக இன்றுவரை எஞ்சியவற்றுள் மிகப் பழையது அந்நூலே. உள்ளத்துக்கு அச்சொல்லை முதலில் ஏற்றிச் சொன்ன பெருமை சிசரோவுக்கு உரியது. தன் அருமை மகளை இழந்த துயரத்தின்பின், கி.மு. 45ஆம் ஆண்டளவில், அவன் எழுதிய உரையாடல் நூலொன்றிலே, எத்துணை வளமான வயலும் உழாதுவிடின் விளையாதது போலக் கல்வியறியா உள்ளமும் விளையாது என உவமை கூறி, மெய்யியலே உள்ளத்தின் உழவு என முடிவு செய்தான். களைகளை வேரோடு பிடுங்கி, விதைப்பதற்கு உள்ளத்தை ஆயத்தஞ் செய்வது அதன் தொழில் என்றும் விரித்தான். இந்த உவமையிலே ஒரு நுட்பம் உண்டு. வளம் என்பது நிலத்தின் இயல்பு. உழவு என்பது செயல். இயல்பாக இருப்பதன்மேல் முயன்று செய்யப்படும் தொழிலையே அச்சொல் குறித்தது; முன்னரே கைவசமாய் இருக்கும் உடைமையைக் குறித்ததன்று.

ஆங்கிலத்தில் அச்சொல் நெடுங்காலம் இவ்வாறே வழங்கிற்று. எதனை உழுதல், எதனைப் பேணுதல் என்று கூடவே சொல்லவேண்டியிருந்தது. அறிவின் உழவு, உள்ளத்தின் உழவு என்றவாறு வேற்றுமை கொண்டு நின்ற அச்சொல், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுந்தான் துணையின்றித் தனித்து நிற்கத் தொடங்கியது. அப்போதே அது செயலின் பெயராதல் குறைந்து, செய்து முடிந்த பொருளின் பெயராயிற்று. ஜேர்மானிய அறிஞர்கள் இம்மாற்றத்திற் பெரும்பங்கு கொண்டனர்.

இதன்பின் இரண்டு ஆண்டு இடைவெளியிலே இங்கிலாந்தில் இரு நூல்கள் வெளிவந்தன. 1869இல் மத்தியூ ஆணல்ட் தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கினார். மனிதர் சிந்தித்தவற்றுள்ளும் சொன்னவற்றுள்ளும் சிறந்தவற்றைக் கற்று நிறைவை நாடுதலே ‘கல்ச்சர்’ என்பது அவர் கருத்து. 1871இல் எட்வேட் ரைலர் ஆதிமக்கள் வாழ்வுபற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். ஒரு சமுதாயத்திற் பிறந்தவன் அச்சமுதாயத்தின்வழிப் பெறும் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே அச்சொல்லால் அவர் குறித்தார். ஆணல்ட் கருத்தின்படி அது சிலர் முயன்று அடைவது. ரைலர் கருத்தின்படி மக்களாய்ப் பிறந்தார் யாவரும் உடையது. முன்னதன்படி ஒருவனை அஃதில்லாதவன் எனலாம். பின்னதன்படி அவ்வாறு சொல்லுதற்கு இடமேயில்லை. ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டும் புகுந்தமையால் விளைந்த குழப்பம் சிறிதன்று. 1952இல் குரோபர், குளுக்கோண் என்னும் அமெரிக்க மானிடவியலார் இருவர் அச்சொல்லுக்கு அறிஞர் கூறிய இலக்கணங்களைத் தேடித் தொகுத்தபோது அவை 164 ஆயின! ஒரு சொல்லுக்கு 164 இலக்கணம் உண்டெனின், இலக்கணமே இல்லை என்று ஒருவன் நகையாடினும் அவனைக் கடிதற்கில்லை.

இவ்வாறு பொருள் பலவாய்ப் பெருகிய நிலையிலேதான் இச்சொல் இந்திய மொழிகளின் வாயிலில் வந்து நின்றது. அதனை எதிர்கொண்ட முறை மொழிக்கு மொழி வேறுபட்டது. வங்காளத்திலே பங்கிம் சந்திரர் 1888இல் வெளியிட்ட தம் சமயநூலில் ‘அனுசீலன்’ என்னுஞ் சொல்லை ஆண்டார். இடைவிடாப் பயிற்சி என்பது அதன் பொருள். பின்வந்தோர் சிலர் ‘கிருஷ்டி’ என்னுஞ் சொல்லைக் கொண்டனர். உழுதலைக் குறிக்கும் வடமொழி வேரிற் பிறந்தது அது; இலத்தீன் மூலத்துக்கு நேரொத்த ஆக்கம். ஆயினும் தாகூருக்கு அச்சொல் உவப்பாயில்லை. அறிவையும் கலையையும் குறிக்கவேண்டிய சொல்லிலே கலப்பை வாடை வீசுவதை அவர் விரும்பவில்லை. மராத்தியில் வழங்கிய ‘சம்ஸ்கிருதி’ என்பதை மொழியறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜி எடுத்துக்காட்ட, அதனையே தாகூர் ஏற்றுக்கொண்டார். செம்மை செய்யப்பட்டது என்னும் பொருளுடைய அச்சொல்லே வங்கத்திலும் இந்தியிலும் நிலைபெற்றது. சிங்களத்திலும் ‘சம்ஸ்கிருதிய’ என்பதே வழக்கு. இத்தனை மொழிகள் சேற்றைக் கழுவிவிட்டுச் சொல்லைத் தெரிந்தன. தமிழ்மொழி செய்தது யாது?

தமிழிலே ‘பண்பாடு’ என்பதை ‘கல்ச்சர்’ என்பதற்கு நேராக முதன்முதல் வழங்கியவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் எனப் பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை எழுதியுள்ளார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராய் இருந்து, தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றின் வரலாற்றையும் நிறுத்துப் பார்த்தவர் கூற்றாதலின் அதனை எளிதில் ஒதுக்குதற்கில்லை. 1930களின் பிற்பகுதி இச்சொல் பரவத் தொடங்கிய காலம். கலைச்சொல்லாக்கத்துக்குத் தமிழறிஞர் கூடி முயன்ற காலமும் அதுவே. சென்னையில் நடைபெற்ற அம்முயற்சியிலே ஈழத்தவராகிய விபுலாநந்த அடிகள் தலைமைப் பங்கு கொண்டமை நாம் பெருமையுடன் நினைத்தற்குரியது. ஆனால் ‘பண்பாடு’ குழு கூடிச் செய்த சொல்லன்று. கம்பனிற் றோய்ந்து, நண்பர்களோடு பேசிப் பேசியே தமிழ்ச்சுவையை வளர்த்த ஓர் இரசிகரின் வாய்ச்சொல்லாகப் பிறந்தது. அதனாற்போலும், குழுக்கள் ஆக்கிய பல சொற்கள் அச்சிட்ட தாளிலேயே உறங்க, இச்சொல் பதினைந்து ஆண்டுக்குள் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஊன்றிவிட்டது. 1952இலே தனிநாயக அடிகள் ‘தமிழ்க் கல்ச்சர்’ எனப் பொருள்படும் பெயரோடு ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கியபோது, அப்பெயரைத் தமிழிற் சொல்ல விரும்பியோருக்குத் ‘தமிழ்ப் பண்பாடு’ என்பது ஆயத்தமாய் இருந்தது.

இச்சொல்லின் உறுப்பிலக்கணத்தை இனிக் காண்போம். ‘பண்பு’, ‘பாடு’ என்னும் இருசொற் சேர்ந்து ‘பண்பாடு’ ஆயிற்று என்பது பலர் கூற்று. கலித்தொகையிலே பண்பு இன்னது என விளக்கும் நெய்தற்பாட்டொன்றில் ‘பாடு’ என்னுஞ் சொல்லும் உடன்வருவதே இக்கூற்றுக்குத் தூண்டுதல். கேட்க இனிமையாயினும் இது பொருந்துவதன்று. வழிபடு என்பது வழிபாடு என்றாகும். உடன்படு, வேறுபடு, கட்டுப்படு என்பன உடன்பாடு, வேறுபாடு, கட்டுப்பாடு என்றாகும். அம்முறையே ‘பண்படு’ என்னும் வினை முதனிலை திரிந்து ‘பண்பாடு’ என்னுந் தொழிற்பெயராயிற்று எனக் கொள்வதே இலக்கணத்தோடு இயைவது. பண்படுதல் என்பது யாது? நிலம் விதைப்புக்கு ஏற்ற பதம் அடைதல். பண்படுத்தல் என்பது அந்நிலையை உண்டாக்கும் உழவு. ஆக, தாகூர் வேண்டாவென ஒதுக்கிய கலப்பையைத் தமிழ் தன் சொல்லுக்குள்ளே வைத்துக்கொண்டது. இலத்தீனோடு தொடர்பு எதுவுமின்றி, அதே வயலிலிருந்து அதே உவமையைத் தமிழும் எடுத்ததென்பது சொல்வரலாற்றில் எண்ணி மகிழ்தற்குரிய நிகழ்ச்சி.

‘பண்’ என்னும் அடியோ இன்னும் ஆழமானது. பண்ணுதல் என்பது செய்தல் மட்டுமன்று. ஒன்றைத் தொழிற்கு ஏற்றவாறு அமைத்தலும் ஆகும். பழந்தமிழர் தேரைப் பண்ணினர், யானையைப் பண்ணினர், யாழையும் பண்ணினர். சிலப்பதிகாரக் கானல்வரியிலே யாழ் வாசிப்போன் கையாளும் எண்வகைச் செயல்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் முதலாவது ‘பண்ணல்’. நரம்புகளை இசைக்கு இயையக் கட்டி அமைத்தல் என்பது அதன் பொருள். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலில் இத்துறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். வயலுக்கும் யாழுக்கும் ஒரே வினையை வழங்கிய மக்களுக்கு உழவு கீழென்றும் இசை மேலென்றும் பிரித்துப் பார்க்கும் எண்ணம் இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

பண்பு என்னுஞ் சொல் பழநூல்களில் இருவகையாய் வரும். தொல்காப்பியர் முதலாய இலக்கணநூலார்க்கு அது பொருளின் குணம். கருமை, வட்டம் முதலியன. அறநூலார்க்கும் பாவலர்க்கும் அது மக்கட்குரிய ஒழுகலாறு. மேற்சுட்டிய கலித்தொகைப் பாட்டு, உலகத்தின் போக்கை அறிந்து அதற்கியைய நடத்தலே பண்பு என்னுங் கருத்தை உடையது. திருக்குறளிலே ‘பண்புடைமை’ என்பது நூறாம் அதிகாரம். அவ்வதிகாரத்தைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். அங்கே உடைபற்றியோ உணவுபற்றியோ பேச்சில்லை. யாவரும் எளிதில் அணுகத் தக்கவனாய் இருத்தல், அன்புடைமை, விளையாட்டிலும் பிறரை இகழாமை, பகைவனிடத்தும் தன் இயல்பு கெடாமை என்பனவே பேசப்படுகின்றன. அரம்போலுங் கூர்மையான அறிவுடையாரும் மக்கட்பண்பு இல்லையாயின் மரத்தை ஒப்பர் என்றும் அங்கே வள்ளுவர் கடிந்துரைக்கின்றார். எவரிடத்துப் பழகும்போதும் வெளிப்படுவது எதுவோ அதுவே அவர்க்குப் பண்பு.

நாகரிகம் என்பதன் கதை இதனினுஞ் சுவையானது. நகரத்தோடு தொடர்புடைய சொல் அது என்பதில் ஐயமில்லை. நகரத்து வாழ்வான் செல்வமும் கலையும் நுகர்வான் ஆதலின் வடமொழிக் காமநூல் அவனை ‘நாகரகன்’ என்று சிறப்பித்தது. இலத்தீனிலும் நகரைக் குறிக்குஞ் சொல்லடியாகவே நயமான நடையைக் குறிக்குஞ் சொல் பிறந்தது. நாட்டுப்புறத்தானைக் குறித்த சொல்லோ ஆங்கிலத்தில் முரடன் என்றும் கயவன் என்றும் பொருள் இழிந்தது. எங்கும் நகரத்தார் எழுதியதே அகராதி! ஆயின் தமிழிலே இச்சொல்லின் பழைய ஆட்சியைக் காண்மின். நற்றிணையிலே ஒரு தோழி, தலைவனை நோக்கி, நெடுநாள் நட்புடையார் முன்னின்று கொடுப்பின் மிக்க நாகரிகமுடையார் நஞ்சையும் உண்பர் என்கிறாள். திருவள்ளுவரும் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்திலே இக்கருத்தையே இச்சொல்லோடு வழங்கினார். உரைகண்ட பரிமேலழகர் நற்றிணையைச் சான்றுகாட்டி, ஈண்டு நாகரிகம் என்றது கண்ணோட்டமே என முடித்தார். அந்த நற்றிணைப் பாட்டு மருதத்து நகரில் நிகழ்வதன்று. வாழையும் காந்தளும் அருவியும் குரங்கும் நிறைந்த குறிஞ்சியில் நிகழ்வது. மலைநாட்டுத் தலைவன் ஒருவனிடத்தே எதிர்பார்க்கப்படும் குணமாக, பிறர் மனம் நோகாமற் காக்கும் கண்ணோட்டமாக, நாகரிகம் பேசப்படுகின்றது. நகரின் பெயர் பூண்ட சொல்லொன்று நகரைவிட்டு இவ்வளவு தொலைவு வந்தமை வேறெம்மொழியிலும் எளிதிற் காணக்கூடியதன்று.

இடையே ஒரு சிறு குறிப்பு. இலங்கையின் பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் தர்மபாலரின் பெயர்முன் வரும் அடைமொழியைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘அநாகரிக’ என எழுதுவதுண்டு. கண்டோர் சிலர் நகைப்பதுமுண்டு. அது நகரம் என்னும் வேரிற் பிறந்ததன்று. வீட்டைக் குறிக்கும் ‘அகாரம்’ என்பதிற் பிறந்தது. இல்லந் துறந்தவர் என்பதே பொருள். ‘அநாகாரிக’ என எழுதின் இவ்விடர் இல்லை.

பிற்காலத்தில் நாகரிகம் மீண்டும் நகருக்கே திரும்பிவிட்டது. இன்று ‘நாகரிகமான உடுப்பு’ என்பதற்குப் புதுமையான உடுப்பு என்பதன்றி வேறு பொருளில்லை. ‘அநாகரிகம்’ என்பதிலே மட்டும் பழைய கண்ணோட்டப் பொருள் சற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேவநேயப் பாவாணர் 1966இல் வெளியிட்ட நூலிலே திருந்திய வாழ்வு நாகரிகம், திருந்திய ஒழுக்கம் பண்பாடு என இரண்டையும் பிரித்துக் காட்டினார். அப்பிரிவு அறிஞரிடை ஓரளவு நிலைத்ததாயினும் பேச்சுவழக்கை மாற்றவில்லை.

நகரம், காடு என்னும் பிரிவினை வன்னியிலே எவ்வளவு பொருந்தும் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். வவுனியா நகரின் நெருக்கமான பகுதிகளின் பெயர் யாவை? குருமன்காடு, பண்டாரிக்குளம், வைரவபுளியங்குளம், நெளுக்குளம், தாண்டிக்குளம். கடையும் வங்கியும் பாடசாலையும் நிறைந்த தெருவில் நிற்பவன் தன் முகவரியைச் சொல்லும்போது காட்டையும் குளத்தையுமே சொல்கிறான். காடு வெட்டிக் குளங் கட்டி அதன்கீழ் வயல் திருத்தி எழுந்த ஊர்கள் இவை. ஆயினும் வெளியூரார் வாயிலே ‘காட்டார்’ என்னும் பட்டம் வன்னி மக்களுக்கு நெடுங்காலம் இருந்துவந்தது. இதனை மறைப்பதாற் பயனில்லை.

ஆங்கிலேய ஆட்சியாளர் வன்னியை நோக்கிய நோக்கும் எடுத்துரைத்தற்குரியது. 1803இலே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, பின்னர் கற்சிலைமடுவில் தோல்வியுற்றபின், அவர்களுக்கு வன்னி காய்ச்சலும் காடும் சூழ்ந்த வருவாய் குன்றிய நிலமாகவே தோன்றிற்று. அந்நிலையிலே ஜே. பி. லூயிஸ் என்னும் நிருவாக அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் தனித்து நிற்கிறது. குளங்களும் வரிகளும் மட்டுமன்றி மக்களின் வழக்கங்களும் நம்பிக்கைகளும் அதில் இடம்பெற்றன. அது ரைலர் நூல் வெளிவந்து 24 ஆண்டின்பின் வந்தது. எழுத்தறியாக் குடியின் வழக்கமும் எழுதிவைத்தற்குரியது என்னும் எண்ணம் அப்போது ஆட்சியாளர் சிலரிடை வேரூன்றியிருந்தது எனலாம். எழுதியவர் ஆள்பவர், எழுதப்பட்டவர் ஆளப்படுபவர் என்னும் குறை அதற்கு உண்டு. எனினும் இன்று வன்னி வரலாறு எழுதப் புகுவோர் அந்நூலைத் தொடாமல் அப்பாற் செல்ல இயலாது.

கலாசாரம் என்னுஞ் சொல்லை மூன்றாவதாக நோக்குவோம். கலை, ஆசாரம் என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை அது. தமிழ்நாட்டார் சகரத்தை இரட்டித்துக் ‘கலாச்சாரம்’ என்பர்; வடமொழிப் புணர்ச்சியில் அவ்விரட்டிப்புக்கு இடமில்லாமையின் ஈழத்தார் ‘கலாசாரம்’ என்பர். 1956இல் அமைந்த அரசாங்கம் இதற்கென ஓர் அமைச்சை ஏற்படுத்தியபோது தமிழில் இச்சொல்லே அரசின் சொல்லாயிற்று. இன்றும் திணைக்களத்திலும் கலாசார உத்தியோகத்தர், கலாசாரப் பேரவை, கலாசார விழா என்பவற்றிலும் அதுவே வழங்குகிறது. பின்னர் எழுந்த வடமாகாண நிருவாகமோ ‘பண்பாட்டலுவல்கள்’ என எழுதலாயிற்று. ஒரே மேசையில் இரண்டு கடிதத் தலைப்பு! இதனைத் தனித்தமிழ் விருப்பு என்று மட்டும் கொள்வது போதாது. ஆசாரம் என்பது முன்னோர் வகுத்த நடைமுறை, பிறழாது காக்கப்படுவது. பண்படுதல் என்பது நடந்துகொண்டிருக்கும் செயல். சொற்களை மாற்றியோர் இவ்வேறுபாட்டை எண்ணினரோ இல்லையோ, சொற்கள் அதனைத் தம்முள்ளே கொண்டுள்ளன.

வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோவிலிலே வைகாசிப் பொங்கல், அங்கே கடல்நீரில் விளக்கெரியும் மரபு, முள்ளியவளையிற் கோவலன் கூத்து, பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் நோக்கிப் பாடும் பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு, இவை யாவும் இன்று கலாசாரம் என்னும் தலைப்பின்கீழ் மேடையேறுகின்றன, மலர்களில் அச்சேறுகின்றன. நன்று. பண்டிப்பள்ளு பாடியவன் மேடைக்காகப் பாடினானல்லன். விளைந்த வயலைக் காக்கும் கடமையிலே பாடினான். வயற்காவலிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்து அதற்கு மட்டும் பண்பாடு எனப் பெயரிட்டோமாயின், ஆணல்ட் காலத்துச் சீமான்கள் செய்ததையே நாமும் செய்தவராவோம்.

ஒரு வழக்கத்தை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறேன். உலர்வலயத்துக் குளக்கிராமங்களிலே சிறுபோகத்துக்குக் குளநீர் போதாத ஆண்டிலே, வயல் முழுவதையும் விதைத்து யாவரும் இழப்பதைத் தவிர்த்து, குளத்துக்கு அண்மையான ஒரு பகுதியை மட்டும் விதைப்பர். அப்பகுதி எவருக்கு உரியதாயினும், அவ்வாண்டுக்கு மட்டும் அது பங்குக்காரர் எல்லாருக்கும் அவரவர் உரிமைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மேல்வயற்காரன் தன் காணியிலே அயலான் விதைக்க விடுகிறான். அடிவயற்காரன் பட்டினி கிடவாது தப்புகிறான். எழுதிய சட்டம் எழுமுன்னரே கூடிப் பேசிச் செய்த ஒழுங்கு இது; சிங்களக் கிராமங்களிலும் உண்டு; எம்மாவட்டத்தில் இரு மொழியாரும் அறிந்தது. உலகத்தின் போக்கறிந்து நடத்தலே பண்பு எனக் கலித்தொகை கூறியதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு நகரத்து மண்டபங்களிற் கிடைக்குமோ அறியேன். ஆனால் கலாசாரப் போட்டிகளின் பட்டியலிலே இதற்கு இடமில்லை.

தொடக்கத்திற் கூறிய குற்றச்சாட்டுக்கு இப்போது திரும்பலாம். 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து முகாம்களிலே இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தகரத்தின்கீழும் துணிக்கூடாரத்தின்கீழும் அடைபட்டிருந்தனர். வீடும் வயலும் கோவிலும் சுற்றமும் இழந்த அவர்கள் வரிசையில் நின்று நீர் பெற்றனர். மீள ஊர் சென்றபோது வயல் பற்றைக்காடாய்க் கிடந்தது. கட்டு உடைந்த குளங்கள் பல. அவ்விளைஞர்கள் தொழில்தேடித் தைப்புத் தொழிற்சாலைக்கும் கொழும்புக்கும் சென்றபோது, அவர்களின் உடையையும் கைத்தொலைபேசியையுங் கண்டு ‘பண்பாடு கெட்டது’ என எழுதினோர் எச்சொல்லை எப்பொருளில் வழங்கினர்? ஆணல்டின் பொருளிலாயின், உழப்படாத நிலத்தை விளையவில்லையெனப் பழித்தனர். ரைலரின் பொருளிலாயின், மக்கள் எவ்வாறு வாழ்கின்றனரோ அதுவே அவர் பண்பாடு. கெடுதல் என்னும் பேச்சே எழாது. வள்ளுவரின் பொருளிலாயின், நொந்தாரை நோக்கி வன்சொற் கூறியவரே அச்சொல்லுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர். ஆக, மூன்று பொருளுள் எதனைக் கொண்டாலும் அக்குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆசாரம் என்னும் பொருளைப் பண்பாடு என்னுஞ் சொல்லின் மேலேற்றினாலன்றி அவ்வாறு எழுத இயலாது. அவ்வாறு ஏற்றியபோதும் அவ்வாசாரத்தின் சுமை பெரும்பாலும் பெண்மக்கள் தோளிலேயே வைக்கப்பட்டமை எல்லாரும் அறிந்ததே. இளையோரிடத்துக் குறையே இல்லையென்பது என் கருத்தன்று. போதைப்பொருளும் வன்முறையும் எம்மைத் தொட்டிருக்கின்றன. அவற்றைக் குற்றமென்றே பெயர் சொல்லிக் கடியலாம். குட்டைப்பாவாடையையும் அவற்றையும் ஒரு சொல்லால் முடிந்து கட்டுதல் இரண்டுக்கும் நீதியன்று.

சொல்லுக்குள் இருக்கும் வயலை மறந்தமையும் இதற்கு ஒரு காரணமாகலாம். வன்னியின் செங்கபிலமண் காய்ந்தபோது கல்லாய் இறுகும். கலப்பை அதனுட் புகாது. மழை விழுந்து நிலம் நெகிழும்வரை கமக்காரன் காத்திருப்பான். அல்லது குளத்து நீரைக் கட்டி ஊறவைப்பான். இறுகிய நிலத்தை அவன் வைவதில்லை. எம்பாடசாலைகளிலே விவசாயம் கற்கும் மாணாக்கர் ‘நிலப் பண்படுத்தல்’ என்னும் பாடத்தைக் கற்கின்றனர். முதலுழவு, கட்டியுடைத்தல், மட்டப்படுத்தல், களையை மண்ணுட் புதைத்தல் எனப் படிமுறை யாவும் அங்கே உண்டு. அடுத்த வகுப்பறையிலே தமிழும் வரலாறும் கற்போர்க்குப் ‘பண்பாடு’ கற்பிக்கப்படுகிறது. நுண்ணுயிரையும் தாவர இழையத்தையும் ஆய்கூடத்தில் வளர்த்தலை ஆங்கிலத்தில் அதே ‘கல்ச்சர்’ என்னுஞ் சொல்லாற் குறிப்பர், நாம் அதனை ‘வளர்ப்பு’ என்கிறோம், அதுவும் பொருத்தமே. ஆயின் பண்படுத்தலும் பண்பாடும் ஒரு வினையின் இரு வடிவங்கள் என்பதை விவசாய ஆசிரியரும் தமிழாசிரியரும் தத்தம் வகுப்பிலே ஒருமுறை சொல்லிவைப்பாராயின், சிசரோவின் நூலைக் காணாமலே அவன் உவமையை எம்மாணாக்கர் தம் வீட்டு வயலிற் கண்டுகொள்வர்.